நான் பேசிக்கறேன்

ஆஸ்பத்திரியில் டாக்டர் நோயாளியைப் பார்த்து, "எங்க வலிக்குது?" என்று கேட்கிறார். நோயாளி வாயைத் திறக்கிறார். பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வருகிறது. "இடுப்புல, டாக்டர். இவர் முதுகுன்னு சொல்வாரு, நம்பாதீங்க. இடுப்புதான்."

அந்தப் பக்கத்து நாற்காலிக்காரரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். முடிவெட்டும் கடையில் அடுத்தவர் கிருதாவுக்கு அளவு சொல்கிறவர் அவர்தான். வங்கிக் கவுன்ட்டரில் மாமியாரை ஓரமாக நிறுத்திவிட்டு, மாமியார் கணக்கில் என்ன கோளாறு என்பதை மாமியாரைவிட உருக்கமான குரலில் விளக்குகிறவரும் அவர்தான். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், இறந்தவரின் மகனிடம் யாரோ "எப்படி ஆச்சு?" என்று கேட்க, மகன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்வதற்குள், முந்தைய ராத்திரி பால் குடித்ததிலிருந்து ஆரம்பித்து, நடுநடுவே மகனையே பார்த்து "சரிதானே?" என்று கேட்டு, கடைசி மூச்சு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவர் வேறு யார்? அவரேதான். சம்பவம் நடந்தபோது அவர் ஊரிலேயே இல்லை.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். ஒரு கை எப்போதும் அடுத்தவர் தோளில் இருக்கும். ஆறுதலுக்கு என்று நினைத்துவிடாதீர்கள், எழுந்துவிடாமல் இருப்பதற்கு. இன்னொரு கையில் அடுத்தவருடைய காகிதங்கள் அடங்கிய பை. வாயில் ஒரே மந்திரம்: "நீங்க சும்மா இருங்க, நான் பேசிக்கறேன்." உங்கள் பிரச்சினை அவர் கைக்குப் போன புதிதில் அதை "இவரோட விஷயம்" என்பார். கொஞ்ச நாளில் அது "எங்க விஷயம்" ஆகும். வருஷம் திரும்புவதற்குள் "என் கேஸ்" ஆகிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் அதைப் பற்றி ஏதாவது விசாரித்தால், "உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலையெல்லாம்?" என்று கேட்பார்.

கெட்டவரா? இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இவரோ தன் வேலையைப் போட்டுவிட்டு உங்களுக்காக வெயிலில் வரிசையில் நிற்பார், உங்களுக்காகச் சண்டை போட்டுத் தன் ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்வார், உங்கள் காகிதங்களைத் தன் சொந்தச் செலவில் நகல் எடுப்பார். ஒரு மனிதனுக்காக இவ்வளவும் செய்கிறவர் அவனிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்க மாட்டார். உனக்கு என்ன வேண்டும்?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒன்று உண்டு. இரண்டாம் மாடியில் இருக்கும் பட்டாளத்தாரின் சகலை அவர். அதாவது, பட்டாளத்தாரின் மனைவியுடைய தங்கையைக் கட்டியவர். வாழ்நாள் முழுவதும் குழாயும் கழிப்பறைச் சாமானும் விற்கிற கம்பெனியில் விற்பனையாளராக ஊர் ஊராகச் சுற்றிப் பேசியே பிழைத்தவர். ஓய்வு பெற்றபின் பேச்சு மட்டும் கையில் நின்றது, விற்பதற்குச் சரக்கு இல்லை. அப்போதுதான் பட்டாளத்தாரின் பதக்க விவகாரம் அவர் கண்ணில் பட்டது.

பட்டாளத்தார் இளமையில் படையில் தொலைபேசிக் கம்பி இழுக்கும் பிரிவில் இருந்தவர். ஒரு சின்ன ஆற்றுப் பாலத்துக்காக நடந்த சண்டையில் குண்டுச் சிதறல் பட்டு இடது கால் போனது போலத்தான். இருக்கிறது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காது. அந்தச் சண்டையில் இருந்த எல்லாருக்கும் போர்முனைப் பதக்கம் வந்தது. முகாமில் முடிவெட்டிக்கொண்டிருந்தவருக்கு வந்தது. சமையல்காரருக்கு வந்தது. பட்டாளத்தாருக்கு மட்டும் வரவில்லை. ஏனென்றால், சண்டைக்கு முந்தின நாள் சாயங்காலமே அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதாகப் படை ஆவணம் சொன்னது. சண்டையே தொடங்காத நேரத்தில் சண்டையில் காயம்பட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஒருவர் அல்ல, இருவர். இந்த விஷயம் சகலைக்குத் தெரியாது.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பட்டாளத்தாருக்கு ஒரு பழக்கம். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுவார். சும்மா ஒரு செருமல் அல்ல, பழைய வண்டி கிளம்புவது போலச் சாவகாசமான செருமல். அது முடிந்து வார்த்தை வெளியே வருவதற்குள் ஒரு சகலை புகுந்து புறப்படுகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். சகலை புகுந்துவிடுவார். ஒருநாள் சாயங்காலம் மாடிப்படியில் நாங்கள் இருவர் மட்டும் சந்தித்துக்கொண்டோம். இந்தப் பதக்கம் உங்களுக்கு எதற்கு என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் செருமினார். நான் காத்திருந்தேன். பெருந்தன்மையால் அல்ல, கையில் இரண்டு காய்கறிப் பை, எனக்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

சண்டை நடந்த அன்று அவரோடு கம்பிச் சுருளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த கூட்டாளியும் அடிபட்டான். இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். கூட்டாளி ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். படைப்பிரிவின் நினைவுச் சுவரில் அந்தச் சண்டையில் உயிர்விட்டவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது, அவன் பெயர் இல்லை. பதக்கப் பட்டியலில் இருந்தால்தான் சுவரில் ஏறும். அவனுடைய மனைவி வருஷா வருஷம் நினைவு நாளில் வந்து, புதிதாகச் சேர்த்திருப்பார்களோ என்று சுவரை மேலிருந்து கீழே படித்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். என் ஆவணத்தைத் திருத்தினால் அவனுடையதையும் திருத்தித்தான் ஆக வேண்டும், அந்தம்மாவுக்கும் வயசாகிறது, என்றார் பட்டாளத்தார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. பதக்கத்தை எங்கே குத்திக்கொள்வது என்றுகூட அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் இதைச் சகலையிடம் சொல்லிப் பார்த்தேன். "நீங்க சும்மா இருங்க சார்" என்றார்.

சகலை எழுதிய மனுக்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முதல் மனுவில் சண்டை ஓரளவு சண்டை மாதிரியே இருந்தது. இரண்டாவது மனுவில் எதிரிகள் பெருகினார்கள். மூன்றாவதில் ஒரு டாங்கி வந்தது, பட்டாளத்தார் அதைத் தனியாளாக நிறுத்தினார். பட்டாளத்தார் இதைப் படித்துவிட்டுச் செருமினார், ஆனால் மனு ஏற்கெனவே தபாலில் போய்விட்டிருந்தது. ஆவணத் திருத்த வாரியம் நிதானமாக விசாரித்து, குறிப்பிட்ட பாலம் ஒற்றையடி நடைபாலம் என்றும் அதில் டாங்கி ஏற வழியில்லை என்றும் பதில் போட்டது. வேறொருவராக இருந்தால் சோர்ந்துபோவார். சகலை, ஒரு பொறாமைக்கார மேலதிகாரி திட்டமிட்டுப் பெயரை நீக்கினார் என்று அடுத்த மனுவை அனுப்பினார். அந்த அதிகாரி அந்தக் காலத்தில் வேறொரு எல்லையில் இருந்தார் என்று பதில் வந்தது.

"பாத்தீங்களா?" என்றார் சகலை என்னிடம். "அவ்வளவு தூரத்துல இருந்துகிட்டே செஞ்சிருக்கான்."

ஒவ்வொரு மனு எழுதும்போதும் பட்டாளத்தார் ஒரு விஷயத்தைச் சொல்ல முயன்றார். அது எனக்கே பல தடவை அரையும் குறையுமாகக் காதில் விழுந்திருக்கிறது. "அன்னிக்கு சோத்துக் கணக்குல..." என்று ஆரம்பிப்பார். சகலைக்குக் கோபம் வந்துவிடும். "அண்ணே, வீரத்தைப் பத்திப் பேசற இடத்துல சோத்தைப் பத்தி யாராவது பேசுவாங்களா? கேக்கறவன் என்ன நினைப்பான்?" என்பார். பட்டாளத்தார் வாயை மூடிக்கொள்வார். சண்டையில் காட்டிய பொறுமையைவிட இது பெரிய பொறுமை என்பது என் அபிப்பிராயம். இதற்குத் தனிப் பதக்கம் எதுவும் கிடையாது.

இப்படியே வருஷங்கள் போயின. கடைசியில் வாரியம், இது இறுதி விசாரணை என்றும் மனுதாரர் நேரில் வர வேண்டும் என்றும் கடிதம் அனுப்பியது. கார் வைத்திருக்கும் பாவத்துக்காக நான் ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் சகலை பட்டாளத்தாருக்குப் பயிற்சி கொடுத்தார். பயிற்சி என்னவென்றால், பேசாமல் இருப்பது எப்படி. முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொள்ள வேண்டும், டாங்கி என்ற வார்த்தை வரும்போது காலைத் தடவிக்கொள்ள வேண்டும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

விசாரணை அறை வாசலில் ஒரு சிப்பந்தி நின்றார். மனுதாரருடன் கைத்தாங்கலுக்கு ஒருவர் வரலாம், ஆனால் அவர் வாயைத் திறக்கக் கூடாது என்றார். சகலை நெஞ்சில் கை வைத்து ஒப்புக்கொண்டார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, இவர் எவ்வளவு நேரம் தாங்குவார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கதவு சரியாகச் சாத்தாததால் உள்ளே நடப்பது கேட்டது.

"உங்க பேர் என்ன?" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

பெயரைச் சொன்னது சகலை.

எச்சரித்தார்கள். மன்னிப்புக் கேட்டார். எந்தப் படைப்பிரிவு என்று அடுத்த கேள்வி வந்தது. செருமல் தொடங்கியது. "ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிட்டு நான் சும்மா இருந்துடறேன்" என்றது சகலையின் குரல். அடுத்த நிமிஷம் சிப்பந்தி அவரைத் தோளில் கைவைத்து வெளியே கொண்டுவந்து விட்டார். அந்தத் தோளில் இன்னொருவர் கை இருந்ததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கைத்தாங்கலுக்கு வேறு ஆள் உண்டா என்று கேட்டார்கள். நான் எழுந்து போனேன்.

நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் படையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்பது முதுகு நிமிர்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அவருக்கு முன்னால் சகலையின் மனுக்கள் ஒரு தலையணை உயரத்துக்கு இருந்தன. அவற்றைக் கையால் ஓரமாக நகர்த்திவிட்டு, "அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

பட்டாளத்தார் செருமினார். செருமிவிட்டுப் பழக்க தோஷத்தால் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே நான் இருந்தேன். நானோ வாயைத் திறந்தால் என்னையும் தூக்கிவிடுவார்களே என்ற பயத்தில் இருந்தேன். மூன்று பேரும் காத்திருந்தார்கள். மேலே மின்விசிறி கிரீச்சிட்டுக்கொண்டே சுற்றியது. யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதைப் பட்டாளத்தார் நம்புவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"ஐயா, எங்க முகாம்ல மறுநாளைக்கு எத்தனை பேருக்கு சோறுன்னு முந்தின நாள் சாயங்காலமே எழுதிக் கொடுத்துடணும்" என்றார். "நடுவுல ஒருத்தன் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா கணக்கு இடிக்கும், மேல இருந்து கேள்வி வரும். அதனால எங்க கணக்கர் போனவன முந்தின சாயங்காலமே போயிட்டதா எழுதிடுவாரு. யாரையும் குறி வச்சு இல்ல, எல்லாரையும் அப்படித்தான். நாங்க ரெண்டு பேரும் அடிபட்டது சண்டை நடந்த அன்னிக்கு மத்தியானம்."

நடுவில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. "எங்க முகாம்லயும் அதே கதைதான்" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். பிறகு பட்டாளத்தாரிடம் திரும்பி, "பதக்கப் பட்டியலை எத வச்சுப் போட்டாங்க?" என்று கேட்டார்.

"சோத்துக் கணக்க வச்சுத்தான் ஐயா. அன்னிக்கு முகாம்ல யார் யாருக்கு சோறோ, அவங்களுக்கெல்லாம் பதக்கம்."

முடிவெட்டுகிறவருக்குப் பதக்கம் வந்த ரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. டாங்கியும் இல்லை, சதியும் இல்லை. கணக்கு இடிக்கக் கூடாது என்று பயந்த ஒரு கணக்கரும் ஓர் அண்டா சோறும்தான். ஆஸ்பத்திரியில் ஆள் வந்து சேர்ந்த நேரத்தை அவர்களும் எழுதி வைத்திருப்பார்கள், அதை வரவழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடப்போகிறது என்றார் நடுவில் இருந்தவர். பிறகு தலையணை உயர மனுக்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இத ஏன் முதல்லயே சொல்லல?" என்று கேட்டார். பட்டாளத்தார் கதவுப் பக்கம் திரும்பினார். கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

"ரெண்டு பேர்னு சொன்னீங்களே" என்றார் நடுவில் இருந்தவர். "இன்னொருத்தர் யாரு?"

"அதுக்குத்தான் ஐயா வந்தேன்" என்றார் பட்டாளத்தார்.

அதன்பின் அவர் பேசியதை மூன்று பேரும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். எனக்கு மட்டும் கொடுப்பதாக இருந்தால் வேண்டாம் என்று முடித்தார். நடுவில் இருந்தவர் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், மாட்டிக்கொண்டார், கூட்டாளியின் பெயரைக் கேட்டுத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் சகலை பாய்ந்து வந்தார். "டாங்கியைச் சொன்னீங்களா?"

"இல்லப்பா."

"போச்சு. இத்தனை வருஷ உழைப்பையும் கெடுத்துட்டீங்க." வீடு வரும்வரை பட்டாளத்தாரோடு பேசவில்லை. என் காரில் அவ்வளவு அமைதியை நான் அனுபவித்ததே கிடையாது.

ஆஸ்பத்திரிப் பதிவில் இருவரும் சண்டை நடந்த அன்று பிற்பகலில்தான் வந்து சேர்ந்தார்கள் என்று இருந்தது. இரண்டு ஆவணங்களும் திருத்தப்பட்டன. உத்தரவு வந்த நாளில் சகலை மாடி மாடியாக ஏறிப்போய்ச் செய்தி சொன்னார். "உள்ள போய் ஒரு வார்த்தைதான் சொன்னேன், ஆடிப்போயிட்டாங்க" என்றார். பொய் என்று சொல்ல முடியாது. உள்ளே போனார், ஒரு வார்த்தை சொன்னார். சொன்னது பட்டாளத்தாரின் பெயர்.

அடுத்த நினைவு நாளில் கூட்டாளியின் பெயரைச் சுவரில் சேர்த்தார்கள். மறுபடியும் என் கார்தான். பதக்கத்தைப் பட்டாளத்தார் சட்டைப் பையில் கைக்குட்டையோடு போட்டுக்கொண்டிருந்தார். சகலை எப்படியோ மைக்கைப் பிடித்து, நீதிக்கான தன் நெடும் போராட்டத்தை விவரித்தார். டாங்கி வருமோ என்று நான் பயந்தேன், நல்லவேளை, நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். கூட்டாளியின் மனைவி வந்திருந்தாள். சின்ன உருவம், தோளில் ஒரு துணிப்பை. வழக்கம்போலச் சுவரை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். அந்த எழுத்துகளின்மேல் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பிறகு அவள் பட்டாளத்தாரிடம் வந்தாள். "அண்ணே, கடைசியா அவர்கூட இருந்தது நீங்கதான். இத்தனை வருஷமா கேக்கணும்னு நினைச்சிட்டே இருக்கேன். வண்டியில அவர் ஏதாவது பேசினாரா?"

பட்டாளத்தார் செருமினார்.

தோளில் கை வந்து விழுந்தது. "நான் சொல்றேம்மா" என்றார் சகலை. "நாடு நல்லா இருக்கணும்னு சொன்னாரு. அதுதான் அவர் கடைசியா..."

"தம்பி" என்றாள் அவள். குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அவர் பேசட்டும்."

சகலையின் வாய் திறந்தபடியே நின்றது. செருமல் அன்றைக்கென்று ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சோத்து வண்டியிலதாம்மா எங்கள ஏத்தினாங்க. காலி அண்டாவுக்கு நடுவுல படுத்திருந்தோம். அவன் கையால அண்டாவைத் தட்டிப் பாத்தான். 'டேய், இன்னிக்கு நம்ம சோத்தை எவன்டா திங்கப் போறான்'னு கேட்டான். கேட்டுட்டு சிரிச்சான். அதுக்கப்புறம் பேசல."

அவளும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரேதான்" என்றாள். "அப்படித்தான் பேசுவாரு." நாடு நல்லா இருக்கணும் என்று அவர் சொன்னதாகக் கேட்டிருந்தால், வேறு யாரோ ஒருவருடைய கடைசி வார்த்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள், பாவம்.

திரும்பி வரும் வழியில் சகலை இரண்டு சிக்னல்வரை தாக்குப்பிடித்தார். மூன்றாவது சிக்னலில் என் பக்கம் குனிந்து, "அந்தம்மாகிட்ட இவர் என்ன சொல்ல வந்தாருன்னா..." என்று ஆரம்பித்தார். பின் இருக்கையில் பட்டாளத்தார் தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது தூங்குவது போல இருந்தார்.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். ஒரு மாமா, ஒரு மேலாளர், எதிர் வீட்டுக்காரர். "அப்படியே அவர்தான்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியும் இருப்பீர்கள். உங்களுக்கு மட்டும் அந்தப் பழக்கம் கிடையவே கிடையாது. சந்தேகம் இருந்தால் வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்ளலாம் என்கிறீர்கள். அதுவும் சரி. கேட்கிறேன். உங்கள் வீட்டில் இருப்பவர் யோசிக்கிறார், தொண்டையைச் செருமிக்கொள்கிறார், வாயைத் திறக்கிறார்.

பதில் உங்கள் நாற்காலியிலிருந்து வருகிறது.